ஆவணத்தில் ஃபார்மட்டிங் பிழை திருத்தி அனுப்புவது உதவியா, தொல்லையா?

அரைப்புள்ளி:

வலைத்தளம் கட்டுகிற பைத்தான் கட்டமைப்பான ஜாங்கோவோடு சேர்த்துப் பயன்படுத்துகிற ஒரு சின்ன பேக்கேஜ். அதன் ஆவணத்தில் ஃபார்மட்டிங் பிழைகளைத் திருத்தி புல் ரிக்வெஸ்ட் (என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிற கோரிக்கை) அனுப்பினேன். பராமரிப்பவர் 'இது வெறும் அழகு வேலை, கோட் மாற்றம் இருந்தால் அனுப்புங்கள்' என்று ஒரு வரி எழுதிவிட்டு மூடிவிட்டார். பேக்கேஜ் பெயர் வேண்டாம், எனக்கு அவரோடு சண்டை இல்லை, இந்த 'அழகு வேலை' என்கிற பேச்சோடுதான் சண்டை.

திருத்தியதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்டில், அதாவது அந்த ஆவணம் எழுதப்படுகிற குறியீட்டு முறையில், கோட் காட்ட வேண்டுமென்றால் இரண்டு புள்ளி, ஒரு இடைவெளி, கோட்-பிளாக், அப்புறம் இரண்டு கோலன், அதன் பிறகு மொழியின் பெயர். அங்கே யாரோ ஒரே ஒரு கோலன் போட்டிருந்தார்கள். அப்படிப் போட்டால் அது டைரக்டிவ் (கட்டளை) இல்லை, கமென்ட் (பக்கத்தில் வராத குறிப்பு) ஆகிவிடும், அதன் கீழே தள்ளி எழுதிய அத்தனை வரியும் கமென்டோடு போய்விடும். இதையெல்லாம் வலைப்பக்கமாக்குகிற ஸ்ஃபிங்ஸ் ஒரு எச்சரிக்கை கூடத் தராது, ஏனென்றால் கமென்ட் எழுதுவது தப்பில்லையே. பக்கத்தில் 'செட்டிங்ஸ் கோப்பில் கீழே உள்ளபடி சேர்க்கவும்' என்று இருக்கிறது, கீழே ஒன்றுமே இல்லை, நேராக அடுத்த பத்தி. புதிதாக வருகிறவர் தன் பிரவுசரில்தான் கோளாறு என்று ரீஃப்ரெஷ் செய்துகொண்டு உட்கார்ந்திருப்பார். இதுவா அழகு வேலை?

குறடு:

நானும் ஒரு ரெப்போ (கோட் களஞ்சியம்) பராமரிக்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். அந்தக் கோலன் பிழை உண்மையான பிழை, சந்தேகமில்லை. ஆனால் உங்கள் புல் ரிக்வெஸ்டில் அது மட்டும்தான் இருந்ததா? எனக்கு வருகிறவற்றை வைத்துச் சொல்கிறேன்: ஒரு கோலன், கூடவே இருபது கோப்புகளில் ஒற்றை பேக்டிக்கை (சொல்லைச் சுற்றிப் போடுகிற ` குறி) இரட்டையாக்கியது, தலைப்புக்குக் கீழே கோடு நீட்டியது, வரி மடித்தது, கடைசியில் எடிட்டர் தானாக அழித்த வெற்று இடங்கள். டிஃபை, அதாவது மாற்றங்களின் பட்டியலைத் திறந்தால் பச்சையும் சிவப்பும்தான் தெரியும், கோலன் எங்கே இருக்கிறது என்று நான் தேட வேண்டும். நீங்கள் எழுத ஒரு மணி நேரம் என்றால் நான் படிக்கவும் கிட்டத்தட்ட அதே நேரம், அதுவும் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு.

பேக்டிக் விஷயத்துக்கு ஆள் தேவையே இல்லை. ஜாங்கோ என்ன செய்தார்கள் பாருங்கள்: ஆவணத்தின் கான்ஃபிக் கோப்பிலேயே, ரோல் (அந்தச் சொல் என்ன வகை என்கிற குறிப்பு) சொல்லாமல் ஒற்றை பேக்டிக் வந்தால் 'இரட்டை போட நினைத்தீர்களா, இல்லை லிங்க்கில் அடிக்கோடு விட்டுப்போயிற்றா' என்று எச்சரிக்கிற மாதிரி வைத்துவிட்டார்கள். எழுத்துப்பிழைக்கு மேக் ஸ்பெல்லிங் கமாண்ட், பைத்தான் துண்டுகளைச் சீராக்க பிளாக் என்கிற கருவி. மெஷின் பிடிக்கிறதைக் கையால் பிடித்து அனுப்பிவிட்டு, பங்களிப்பு என்று பேர் வாங்க வேண்டாம்.

இரவுக்கோட்டான்:

குறடு, மெஷின் எல்லாவற்றையும் பிடிக்கும் என்று நம்புகிறீர்களா? எங்கள் அலுவலகத்து உள் ஆவணமும் ஸ்ஃபிங்ஸ்தான். ஜாங்கோவில் டேட்டாபேஸை மாற்றுகிற மைக்ரேட் கமாண்டோடு '--நோஇன்புட்' என்று ஒருவர் சாதாரண வாக்கியத்துக்குள் எழுதிவிட்டார், பேக்டிக் போடவில்லை. ஸ்ஃபிங்ஸின் ஸ்மார்ட்கோட்ஸ் (மேற்கோள், கோடு குறிகளை அழகாக்குகிற வசதி) இயல்பாக இயங்கிக்கொண்டே இருக்கும், இரண்டு ஹைஃபனையும் சேர்த்து ஒரு நீளக் கோடாக்கிவிடும். திரையில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. காப்பி செய்து டெர்மினலில் ஒட்டினால், கமாண்டைப் பிரித்துப் படிக்கிற ஆர்க்பார்ஸுக்கு அது ஆப்ஷனே இல்லை, ஆப் பெயர் என்று எடுத்துக்கொண்டு 'அந்தப் பெயரில் நிறுவப்பட்ட ஆப் இல்லை' என்கிறது. பையன் இன்ஸ்டால்டு ஆப்ஸ் பட்டியலை மேலும் கீழும் தேடுகிறான்! எந்த லின்டரும் (பிழை பார்க்கிற கருவி) இதைச் சொல்லவில்லை, ஏனென்றால் வாக்கியத்துக்குள் இரண்டு ஹைஃபன் போடுவது சரியான எழுத்துதான். ஒரு ஆள் படித்துப் பார்த்து, ஒட்டிப் பார்த்து, இரண்டு பக்கமும் இரட்டை பேக்டிக் போட்டதால்தான் தீர்ந்தது.

ஜாங்கோ டுடோரியலிலேயே கமாண்டுகளுக்குக் கன்சோல் என்று தனி டைரக்டிவ் உண்டு, அதைப் போட்டால் யூனிக்ஸ் ஒரு டேப், விண்டோஸ் ஒரு டேப் என்று இரண்டும் வரும். அதற்குப் பதிலாகச் சும்மா கோட்-பிளாக் போட்டாலும் பக்கம் அழகாகத்தான் இருக்கும், விண்டோஸ்காரனுக்கு மட்டும் டேப் வராது. இதையெல்லாம் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

குறடு:

நீங்கள் சொல்கிற இரண்டுமே ஒட்டிப் பார்த்தால் தெரிகிற பிழை. அப்படி வந்தால் உடனே மெர்ஜ் செய்வேன் (சேர்த்துவிடுவேன்). எனக்கு வருவது அந்த ரகம் இல்லை என்பதுதானே புகார்.

கடைசிபெஞ்ச்:

அண்ணா, ஒரு சந்தேகம். கல்லூரியில் ஓபன் சோர்ஸில் ஏதாவது செய்யச் சொல்கிறார்கள், ஆவணத்திலிருந்து தொடங்கு என்றுதான் எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். நீங்கள் பேசுவதைப் பார்த்தால் அனுப்பவே பயமாக இருக்கிறது.

குறடு:

தம்பி, பயப்பட வேண்டாம், ஆனால் ஏன் நாங்கள் இப்படிக் கடுகடு என்று இருக்கிறோம் என்று தெரிந்துகொள். ஓபன் சோர்ஸுக்குப் புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் பரிசு தந்த ஹாக்டோபர்ஃபெஸ்ட்டில், 2020இல், டி-சர்ட்டுக்காக ரீட்மீ (அறிமுகக்) கோப்பில் ஒரு வார்த்தை சேர்த்து அனுப்பினவர்கள் வெள்ளமாக வந்தார்கள், அக்டோபர் 3ஆம் தேதியே 'விருப்பம் தெரிவித்த ரெப்போ மட்டும்தான் கணக்கு' என்று விதியை மாற்ற வேண்டி வந்தது. 2024 தொடக்கத்தில் எக்ஸ்பிரஸ் என்கிற ஜாவாஸ்கிரிப்ட் கட்டமைப்பின் ரெப்போவில், நம் நாட்டு யூடியூப் பாடம் ஒன்றைப் பார்த்துவிட்டு, ரீட்மீயில் தன் பெயரை எழுதி புல் ரிக்வெஸ்ட் அனுப்பினார்கள், ஒருவர் இருவர் இல்லை. அந்த ரெப்போவைக் கவனிக்கிறவர்களுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு மெயில். இந்தியப் பெயரைப் பார்த்தாலே சந்தேகப்படுகிற நிலைமையை நாமேதான் உண்டாக்கி வைத்திருக்கிறோம்.

அரைப்புள்ளி:

டி-சர்ட் கூட்டத்தையும் என்னையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். ஜாங்கோவின் பங்களிப்பு வழிகாட்டியே சின்ன ஆவணத் திருத்தத்துக்கு டிராக்கில் (பிழைப் பதிவேட்டில்) டிக்கெட் வேண்டாம், நேராக அனுப்பு என்கிறது. அவ்வளவு பெரிய திட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கும்போது சின்னத் திட்டங்களுக்கு என்ன?

குறடு:

ஜாங்கோவுக்கு 2014 முதல் அறக்கட்டளை சம்பளம் கொடுத்து ஃபெல்லோ வைத்திருக்கிறது, படித்துப் பார்க்க ஆள் இருக்கிறார்கள். உங்கள் திருத்தத்தை மெர்ஜ் செய்து, ஏற்கெனவே வெளியான பதிப்பின் ஸ்டேபிள் கிளைக்கும் செர்ரி-பிக் செய்வார்கள் (எடுத்துச் சேர்ப்பார்கள்). என் ரெப்போவுக்கு ஃபெல்லோ நான்தான், சம்பளம்தான் இல்லை.

நீலமை:

யாரும் சொல்லாத ஒன்று. நான் மொழிபெயர்ப்புப் பக்கம் வேலை செய்கிறவள். ஸ்ஃபிங்ஸ் ஆவணத்தை கெட்டெக்ஸ்ட் என்கிற மொழிபெயர்ப்புக் கருவி வழியாக மொழிபெயர்க்கும்போது ஒவ்வொரு பத்தியும் ஒரு சரம், மூலத்தில் உள்ள குறிகளோடு சேர்த்து. நீங்கள் ஒரே ஒரு பேக்டிக் கூட்டினாலும் அந்தச் சரம் மாறிவிட்டது என்று கணக்கு. பழைய மொழிபெயர்ப்பு ஃபஸி (சந்தேகத்துக்குரியது) என்று குறிக்கப்படும், யாராவது வந்து சரி பார்க்கும் வரை ஸ்ஃபிங்ஸ் இயல்பாக அதை எடுத்துக்கொள்ளாது. முழுக்க ஜப்பானியத்தில் இருக்கிற பக்கத்தின் நடுவில் ஒரு பத்தி மட்டும் ஆங்கிலத்தில் நிற்கும். ஒரு பொருளும் மாறவில்லை, ஆனால் ஒவ்வொரு மொழிக்காரரும் மறுபடி உட்கார வேண்டும். கோலன் பிழை மாதிரி என்றால் சந்தோஷமாக உட்காருவேன். சாய்வெழுத்தைக் கோட் எழுத்தாக மாற்றியதற்கு உட்காரச் சொன்னால் எரிச்சல்தான்.

இன்னொன்றும் உண்டு. தமிழில் எழுதுகிறவர்கள் வேற்றுமை உருபை இரட்டை பேக்டிக்கோடு ஒட்டி எழுதிவிடுவார்கள், மாடல்ஸ்.பை என்பதை மூடிய கையோடு 'இல்' என்று. மூடுகிற குறிக்குப் பின்னால் இடைவெளியோ நிறுத்தக்குறியோ இல்லாவிட்டால் அது மூடியதாகவே எடுத்துக்கொள்ளப்படாது. நடுவில் ஒரு ஹைஃபன், இல்லையென்றால் பின்சாய்கோடும் இடைவெளியும் போட வேண்டும். இதை 'தேவையில்லாத பின்சாய்கோடு' என்று ஒரு நல்ல மனிதர் வரிசையாக அழித்து அனுப்பியிருந்தார்.

இரவுக்கோட்டான்:

ஹா ஹா, அந்த மனிதர் பில்ட் ஓட்டி, பக்கமாக்கியே பார்க்கவில்லை. கிட்ஹப்பில் பென்சில் பொத்தானை அழுத்தி அங்கேயே சேமிக்கிறவர்களோடு இதுதான் சிக்கல், மார்க்டவுன் என்கிற வேறு குறியீட்டு முறையின் பழக்கத்திலேயே வருகிறார்கள். ஆனால் நீலமை அக்கா, மொழிபெயர்ப்பு கெட்டுவிடும் என்று மூலத்தைத் திருத்தாமல் விட்டால் அது எங்கே போய் நிற்கும்? ஆங்கிலத்தில் படிக்கிற கூட்டம்தானே பெரிது.

நீலமை:

விடச் சொல்லவில்லை. வெளியீட்டுக்கு முன்னால் ஒரே தடவையாகச் செய்யுங்கள், வாரம் ஒன்றாகச் சொட்டச் சொட்ட வேண்டாம்.

குறடு:

அதேதான். ஒரே கமிட்டாக (ஒரே பதிவாக) போட்டால் அதன் எண்ணை கிட்-பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ் கோப்பில் எழுதிவிடலாம், எந்த வரியை யார் மாற்றினார் என்று பார்க்கும்போது அது குறுக்கே வராது, 2019இல் வந்த கிட் 2.23 முதல் அந்த வசதி இருக்கிறது. ஜாங்கோ பிளாக்குக்கு மாறியபோது செய்தது இதைத்தான். ஆள் ஆளுக்கு ஒரு கோப்பு என்று அனுப்பினால் இதெல்லாம் முடியாது.

அரைப்புள்ளி:

சரி, ஒருவர் மொத்தமாக அனுப்பு என்கிறார், அதே ஆள் மொத்தமாக அனுப்பினால் டிஃப் பெரிதாக இருக்கிறது, கோலனைத் தேட முடியவில்லை என்கிறார். எதைத்தான் செய்வது?

குறடு:

இரண்டுக்கும் முரண் இல்லை. படிக்கிறவருக்குத் தப்பாகத் தெரிகிறதை, காணாமல் போகிறதை, ஒட்டினால் உடைகிறதைத் தனியாக இன்றைக்கே அனுப்புங்கள், பில்ட் செய்த பக்கத்தின் முன்-பின் படத்தோடு. மூலக் கோப்பில் மட்டும் அசிங்கமாக இருப்பதற்கு முதலில் ஒரு இஷ்யூ போட்டுக் கேளுங்கள். கேட்கும்போதே ஸ்ஃபிங்ஸ்-லின்ட் என்கிற லின்டரை சிஐயில் (ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகச் சோதிக்கிற அமைப்பில்) சேர்க்கட்டுமா என்றும் கேளுங்கள். உங்கள் ஒற்றைக் கோலனை அது பிடிக்கும், 'டைரக்டிவ் எழுத நினைத்த கமென்ட் போலிருக்கிறது' என்று சொல்லும்.

அரைப்புள்ளி:

இஷ்யூ போட்டால் பதில் வருவதற்குள் அடுத்த வெளியீடு வந்துவிடும். அதைவிட நேராகத் திருத்தி அனுப்புவதே மேல் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். கோலனை மட்டும் தனியாகப் பிரித்து மறுபடி அனுப்புகிறேன், மூடினால் மூடட்டும்.

கடைசிபெஞ்ச்:

அண்ணா, ஒரு பேக்டிக் கூட்டினதும் வரி 79 எழுத்து என்கிற வரம்பைத் தாண்டிவிடுகிறது. பத்தி முழுக்க மறுபடி மடிக்கணுமா?

குறடு:

கூடாது. அந்த வரியை மட்டும் உடை.

அரைப்புள்ளி:

இதில் மட்டும் குறடு சொல்வது சரி.