அக்காவும் தம்பியும் பாப் குழு தொடங்கினால்: சுருதி, உச்சரிப்பு, பங்கு

அக்காவும் தம்பியும் சேர்ந்து தமிழ் பாப் பாட்டுக் குழு தொடங்கினால் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்து சாட்ஸ்வர்த், மெர்பேங்க், ஃபீனிக்ஸ், ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியா ஆகிய இடங்களிலிருந்து நான்கு பேர் சொல்கிறார்கள்.

சாட்ஸ்வர்த்திலிருந்து

கூடப்பிறந்தவர்கள் சேர்ந்து பாடினால் குரல் ஒட்டும். ஒரே வீட்டுப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள், வாய் திறக்கிற விதம்கூட ஒன்றாக இருக்கும். ஆனால் அக்கா-தம்பி ஜோடிக்கு முதல் சிக்கல் சுருதியில்தான். பாட்டின் ஸ எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைக் கட்டையில் சொல்வார்கள். பெண் குரலுக்கு 5, 5½ கட்டை சுகம். குரல் உடைந்த தம்பிக்கு 1 அல்லது 1½. நடுவே 3 கட்டை என்று வைத்தால் இரண்டும் கெடும்: அக்காவுக்கு மந்திர (கீழ்) ஸ்தாயி காதில் விழாது, தம்பிக்குத் தார (மேல்) ஸ்தாயி கத்தலாகும்.

பாட்டை 1 கட்டையிலேயே வையுங்கள். பல்லவியைத் தம்பிக்கு மத்திய (நடு ஸ்தாயி) ஸட்ஜத்திலிருந்து, அதாவது ஸ-விலிருந்து, மேல் ஸட்ஜத்துக்குள் அமையுங்கள். சரணத்தை அக்காவுக்கு மத்திய பஞ்சமத்திலிருந்து (ப) தார பஞ்சமம் வரை விடுங்கள். 1 கட்டையின் பஞ்சமம்தான் 5 கட்டையின் ஸட்ஜம், அதனால் அவர் குரல் தன் இடத்திலேயே உட்காரும்.

இருவரும் சேர்ந்து பாடும் இடத்தில் ராகம் பார்த்துத் துணைக்குரல் போட வேண்டும். சங்கராபரணத்தில் இரண்டு ஸ்வரம் தள்ளி மேலே வைத்தால் இனிக்கும். மோகனத்தில் ம, நி கிடையாது. ராகத்துக்குள்ளேயே ஒரு ஸ்வரம் விட்டு அடுத்ததை எடுத்தால் ஸ-வுக்கு க வரும், அது மட்டும் இனிப்பு. ரி-ப, க-த, ப-ஸ, த-ரி எல்லாம் ஸ-ம தூரத்துக்கு விரிந்துவிடும், வெறுமையாக ஒலிக்கும். அந்த இடங்களில் துணைக்குரல் ஒரே ஸ்வரத்தை இழுத்து நிற்பதே நல்லது.

ஒலிப்பதிவில் துணைக்குரலை இரண்டு முறை தனித்தனியாகப் பாடி, ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் வையுங்கள். ஒரே பதிவை நகலெடுத்து இரு பக்கமும் வைத்தால் அகலம் வராது, சத்தம்தான் கூடும். சொல் முடிகிற மெய்யெழுத்தை ஒருவர் மட்டும் உச்சரிக்கட்டும். இருவரின் 'ட்', 'ஸ்' முன்னும் பின்னுமாக விழுந்தால் பாட்டு கரடுமுரடாகிவிடும்.

மெர்பேங்கிலிருந்து

சாட்ஸ்வர்த் அண்ணா சொன்னதெல்லாம் சரி. அதற்கும் முன்னால் ஒன்று உண்டு: பாட்டு எழுதிய தாள். இங்கே பல பிள்ளைகள் தமிழ்ப் பாட்டை ஆங்கில எழுத்தில்தான் படிக்கிறார்கள். அதில் மலைக்கும் மாலைக்கும் ஒரே எழுத்துக்கூட்டல். குறிலை நீட்டிவிட்டால் பொருளும் போச்சு, தாளமும் போச்சு. நெடில் வரும் இடத்தில் எழுத்தை இரட்டித்து எழுதுங்கள். ள-வுக்கு அடிக்கோடு, ழ-வுக்கு ஒரு வட்டம். ழ-வுக்கு 'இசட்', 'எச்' சேர்த்து எழுதினால் ஆங்கிலத்தில் பழகிய நாக்கு அதை 'ஜ' மாதிரி பாடிவிடும். அக்கா ஒரு மாதிரி, தம்பி ஒரு மாதிரி ழ பாடினால் எவ்வளவு ஒட்டிய குரலும் பிரிந்து கேட்கும், மனசுக்கு வலிக்கும்.

இன்னொன்று, ஆங்கிலப் பழக்கத்தில் சொல்லின் முதல் ப, ட காற்றோடு வெடிக்கும். மைக்கில் அது 'தப்' என்று அடிக்கும். ஒரு மெல்லிய காகிதத் துண்டை வாய்க்கு முன் பத்து சென்டிமீட்டரில் பிடித்து 'பாட்டு' என்று சொல்லிப் பாருங்கள். காகிதம் பறந்தால் உச்சரிப்பு இன்னும் தமிழுக்கு வரவில்லை.

ஃபீனிக்ஸிலிருந்து

மேசைக் கணினியில் பதிகிறவர்கள் மின்வெட்டில் முழுப் பாட்டையும் இழக்கக்கூடும். மடிக்கணினி, அதிலிருந்தே மின்சாரம் வாங்கும் இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி), ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாகச் சேமிப்பு, இவை போதும். சிலருக்கு இன்வெர்ட்டரில் ஓடும்போது பதிவில் இரைச்சல் ஏறும், மடிக்கணினியை பேட்டரியில் ஓட்டினால் அது போய்விடும். மென்பொருளில் பஃபர் என்று ஓர் அமைப்பு உண்டு, கணினி ஒலியை எவ்வளவு சேர்த்துவைத்து அனுப்புகிறது என்ற அளவு அது. பாடும்போது குரல் தாமதமாகக் கேட்காமல் இருக்க 128 சாம்பிள், பதிந்ததைக் கலந்து சேர்க்கும் மிக்ஸிங்கில் 1024.

லெனேசியாவிலிருந்து

பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. 'நமக்குள்ளே என்ன கணக்கு' என்று விட்டுவிடுகிற கூடப்பிறந்தவர்கள்தான் அதிகம். ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. வரியும் மெட்டும் ஒன்று, ஒலிப்பதிவு மற்றொன்று. இங்கே இந்தப் பணத்தை வசூலித்துக் கொடுக்க மூன்று அமைப்புகள் உண்டு. இயற்றியவருக்கு வானொலி, மேடை ஒலிபரப்புப் பணம் சாம்ரோ வழியே வரும், பிரதி எடுப்பதற்கான பணம் கபாஸோ வழியே. பாடியவருக்கும் பதிவின் உரிமையாளருக்கும் சாம்ப்ரா வழியே. குழுவின் பெயரில் அல்ல, அக்காவும் தம்பியும் தனித்தனியாகச் சேர வேண்டும்.

பாட்டு முடிந்த அன்றைக்கே ஒரு தாளில் வரிக்கு இவ்வளவு, மெட்டுக்கு இவ்வளவு என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். இரண்டு பேர் அந்த அமைப்புகளில் பதிவதைக் கூட்டினால் சரியாக 100 சதவீதம் வர வேண்டும். அக்கா 50, தம்பி 60 என்று பதிந்தால் பணம் இழுபறியில் கிடக்கும்.

ஒவ்வொரு பதிவுக்கும் அதை அடையாளம் காட்ட, எழுத்தும் இலக்கமும் சேர்ந்து 12 குறி கொண்ட ஐஎஸ்ஆர்சி எண் உண்டு. ரீமிக்ஸுக்கும் குரலில்லா வடிவத்துக்கும் தனி எண். பாட்டை இணையத் தளங்களுக்கு அனுப்பும் விநியோக நிறுவனத்தை மாற்றினால் பழைய எண்ணையே கொடுங்கள், இல்லாவிட்டால் அதுவரை கேட்டவர்களின் கணக்கு சைபரிலிருந்து தொடங்கக்கூடும். குழுவின் பெயரையும் எல்லாப் பாட்டிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் கொடுங்கள். ஓர் எழுத்து மாறினாலே அடுத்த பாட்டு வேறொரு கலைஞரின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.