கையால் செய்து படித்த வகுப்புகள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நான்காம் வகுப்பு ஆசிரியை

பதினோரு வருடமாகத் தொடக்கப் பள்ளியில் இருக்கிறேன். பிள்ளைகள் குதூகலமாக ஒன்றைச் செய்தார்கள் என்றால் கற்றுக்கொண்டுவிட்டார்கள் என்றே பல காலம் நினைத்திருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு பலூன்.

பாட்டிலில் வினிகர், பலூனுக்குள் சமையல் சோடா. பலூனின் வாயைப் பாட்டிலில் மாட்டி நிமிர்த்தினால் சோடா உள்ளே கொட்டி நுரைக்கும், கார்பன் டை ஆக்சைடு கிளம்பிப் பலூன் உப்பும். வகுப்பே துள்ளிக் குதித்தது. மறுநாள் "நேத்து என்ன பார்த்தோம்?" என்றேன். "பலூன் பெருசாச்சு டீச்சர்." "ஏன் பெருசாச்சு?" ஒருவரிடமும் பதில் இல்லை.

அடுத்த வாரம் அதையே மறுபடி செய்தேன். இந்த முறை மூன்று பாட்டில்கள்: ஒன்றில் வினிகர், ஒன்றில் எலுமிச்சைச் சாறு, ஒன்றில் வெறும் தண்ணீர். எந்தப் பலூன் உப்பும் என்பதை முன்கூட்டியே நோட்டில் எழுதச் சொன்னேன். தண்ணீர்ப் பாட்டிலின் பலூன் துவண்டே கிடந்ததும் சலசலப்பு அடங்கி எல்லாரும் அதையே பார்த்தார்கள். ஒரு சிறுமி, "புளிப்பா இருக்கறதுலதான் ஊதுது டீச்சர்" என்றாள். அமிலம் என்ற சொல்லை அதன் பிறகுதான் கரும்பலகையில் எழுதினேன்.

உங்கள் வகுப்பில் நடந்ததை எழுதுங்கள். சரியாக வராததையும் சேர்த்தே எழுதுங்கள், அதுதான் எனக்கு அதிகம் உதவும்.

இரண்டாம் வகுப்பு ஆசிரியர்

எனக்கு வராமல் போனது களிமண். "மூழ்குமா, மிதக்குமா" பாடத்துக்கு நிஜக் களிமண்ணையே கொடுத்துவிட்டேன். ஐந்து நிமிடத்தில் கரைந்து, தொட்டி முழுக்கச் சேறு. எண்ணெய்ப் பசையுள்ள விளையாட்டுக் களிமண்தான் இதற்குச் சரி, அது தண்ணீரில் கரையாது.

ஆளுக்கு ஒரே அளவு உருண்டை. போட்டதும் மூழ்கியது. "கனமா இருக்கு சார், அதான்" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். "துளிகூடக் கிள்ளி எடுக்கக் கூடாது. இதே களிமண்ணை மிதக்க வைங்க பார்ப்போம்" என்றேன். தட்டையாக்கிப் போட்டதும் மூழ்கியது. பாம்பு மாதிரி நீட்டியதும் மூழ்கியது. கால் மணி நேரம் நான் வாயே திறக்கவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமான வேலை. கடைசியில் ஒரு பையன் ஓரங்களைத் தூக்கிக் கிண்ணம் மாதிரி செய்தான். மிதந்தது! அடுத்த நிமிடமே யார் படகு அதிகக் கோலிக்குண்டு தாங்கும் என்ற போட்டியும் தொடங்கிவிட்டது. எடை மாறவில்லை, வடிவம்தான் மாறியது, கிண்ணம் அதிகத் தண்ணீரை ஒதுக்கித் தள்ளுகிறது. ஏழு வயதுக்கு இவ்வளவு போதும். விதியின் பெயர் பிறகு வரட்டும்.

முதல் வகுப்பு ஆசிரியை

டீச்சர், நீங்கள் சொல்லும் கணிப்பு எழுதும் முறையில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. என் வகுப்பிலும் எழுத வைத்தேன். பதில் தெரிந்ததும் பாதிப் பேர் ரப்பரை எடுத்துத் தங்கள் கணிப்பை அழித்துச் சரியானதை எழுதிக்கொண்டார்கள். ஆறு வயதிலேயே தப்பாகச் சொல்ல அவ்வளவு பயம். அன்றைக்கு என் மனசு ஆறவே இல்லை.

இப்போது எழுத வைப்பதில்லை. மூழ்கும் என்பவர்கள் ஜன்னல் பக்கம், மிதக்கும் என்பவர்கள் கதவுப் பக்கம் போய் நிற்க வேண்டும். ஏன் அந்தப் பக்கம் நிற்கிறோம் என்று ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் இரண்டு பேர் சொல்லலாம், கேட்டுவிட்டு யார் வேண்டுமானாலும் பக்கம் மாறலாம். தப்பான பக்கம் நின்றாலும் கூட நாலு பேர் இருப்பதால் பயம் இல்லை. ஈரத்தையோ பிசுபிசுப்பையோ தொடவே பிடிக்காத பிள்ளைகள் சிலர் இருப்பார்கள். அவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம். நேரம் பார்க்கும் வேலையோ எண்ணும் வேலையோ கொடுத்தால் அவர்களும் ஆட்டத்தில் இருப்பார்கள்.

ஐந்தாம் வகுப்பு, கணக்கு

கணக்கிலும் இது நடக்கும் என்பதற்காக எழுதுகிறேன். சுற்றளவும் பரப்பளவும் பிள்ளைகளுக்கு எப்போதும் குழம்பும். 24 செ.மீ. நூலை முடிச்சுப் போட்டு வளையமாக்கி, 1 செ.மீ. கட்டத் தாளின் மேல் வைத்து, விதவிதமாகச் செவ்வகம் செய்யச் சொன்னேன். உள்ளே எத்தனை கட்டம் என்று எண்ண வேண்டும், அவ்வளவுதான். முடிச்சுக்குப் போகும் நீளத்தைக் கூடுதலாக விட்டு நூலை வெட்டுங்கள், இல்லாவிட்டால் கணக்கு உதைக்கும்.

6-க்கு 6 வைத்தவர்களுக்கு 36 கட்டம். 8-க்கு 4 வைத்தவர்களுக்கு 32. 10-க்கு 2 வைத்தவர்களுக்கு 20. கடைசி மேசையில் 11-க்கு 1 என்று ஒல்லியாக இழுத்து வைத்திருந்தார்கள், வெறும் 11. "நூல் ஒண்ணுதானே, கட்டம் எப்படிக் குறையும்? நீ தப்பா எண்ணுற" என்று இரண்டு மேசைக்கும் நடுவே பெரிய வாக்குவாதம். மேசை மாறி எண்ணிப் பார்த்தார்கள், மறுபடியும் அதே விடை. சுற்றளவு மாறாமலே பரப்பளவு மாறும் என்று நான் அதுவரை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், யார் மனதிலும் தங்கியதில்லை. அன்று அவர்களே எனக்குச் சொன்னார்கள்.

அப்போது ஒரு மாணவி, "வட்டமா வச்சா?" என்று கேட்டாள். அது என் திட்டத்திலேயே இல்லை. வைத்துப் பார்த்தோம். ஓரத்தில் வெட்டுப்பட்ட கட்டங்களைப் பாதி, முக்கால் என்று சேர்த்து எண்ணி 44 என்றார்கள். உண்மையில் கிட்டத்தட்ட 46 வரும். நூலைக் கையால் வளைத்து வைத்துக்கொண்டு அவ்வளவு பக்கத்தில் வந்தது எனக்குப் பெரிய விஷயம். மணி அடித்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

ஒரு மாணவனின் அம்மா

நான் ஆசிரியை இல்லை, உதவிக்காக வகுப்புக்குப் போனவள். மைதானத்தில் 30 மீட்டர் கயிறு கட்டினோம். சூரியனிலிருந்து பூமி 1 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் செவ்வாய் ஒன்றரை மீட்டர், வியாழன் 5.2, சனி 9.5, யுரேனஸ் 19, நெப்டியூன் 30. இந்த அளவில் சூரியனே 9 மில்லிமீட்டர் மணிதான். பூமியைக் காட்டப் பென்சில் புள்ளி வைத்தோம், அதுவே பெரிசு. கயிற்றின் கடைசியில் நின்ற குழந்தைகளுக்கு அந்த மணி கண்ணிலேயே படவில்லை. "அப்போ படத்துல ஏன் எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல போட்டிருக்காங்க?" என்று என் மகன் கேட்டான். அதற்கு விடை தேடியே அன்றைய சாயங்காலம் போனது.

நான்காம் வகுப்பு ஆசிரியை (மீண்டும்)

ரப்பர் விஷயத்தைப் படித்ததும் என் வகுப்பின் பழைய நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். அழித்த தடம் நிறைய இருந்தது. இத்தனை நாள் கவனிக்காமல் விட்டது வருத்தமாக இருக்கிறது. இந்த வாரம் ஜன்னல் பக்கம், கதவுப் பக்கம் முறையையே எடுத்துக்கொண்டேன்.

கண்ணாடிக் குவளையின் உட்பக்கம் ஈரக் காகிதம், காகிதத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே அவரை விதை. வேர் இரண்டு விரல்கடை நீண்டதும், "குவளையைத் தலைகீழாக வைத்தால் வேர் எந்தப் பக்கம் போகும்?" என்று கேட்டேன். மேலேயே போகும் என்று இருபது பேர் ஜன்னல் பக்கம். கதவுப் பக்கம் ஒரே ஒரு பையன். யார் சொல்லியும் அவன் பக்கம் மாறவில்லை. "வேருக்குக் கீழே எதுன்னு தெரியும்" என்றான். இரண்டு நாளில் வேர் நுனி வளைந்து கீழே திரும்பிவிட்டது. இருபது பேரும் அவன் குவளையைச் சுற்றி நின்றார்கள்.

இப்போது அவன் தினமும் காலையில் வந்து குவளையைத் திருப்பி வைக்கிறான். வேர் அலை அலையாக வளர்ந்துகொண்டிருக்கிறது. நோட்டில் தேதி போட்டு ஒவ்வொரு வளைவையும் வரைகிறான். நான் வரையச் சொல்லவில்லை.