“கடன்பட்டோர் எத்தனை நாள்?”: சின்ன வங்கியிலிருந்து பிரைவேட் ஈக்விட்டிக்கு

போன கிழமை தம்பிமார் இரண்டு பேர் ஒரே விஷயத்தைக் கேட்டிருந்தார்கள். சின்ன முதலீட்டு வங்கியில் இருந்தவர்களை பிரைவேட் ஈக்விட்டி நிதிகள் எடுக்குமா என்று. முதலீட்டு வங்கி என்றால் கம்பனிகளுக்குக் காசு திரட்டவும் கம்பனிகளை விற்கவும் உதவுகிற இடம். பிரைவேட் ஈக்விட்டி நிதி, முதலீட்டாளரிடம் காசு சேர்த்துக் கம்பனிகளில் பங்கு வாங்கி, சில வருடம் கழித்து விற்கிற இடம். நான் கொழும்புக் கோட்டையில் ஏழு பேர் மட்டும் இருந்த ஒரு நிறுவனத்தில் நாலரை வருடம் வேலை செய்துவிட்டு அந்தப் பக்கம் போனவன். முதல் நேர்முகத்தில் கிடைக்கவில்லை, இரண்டாவதில் கிடைத்தது. இரண்டையும் எழுதுகிறேன்.

ஏழு பேர் என்றால் வேலையைப் பிரித்துக்கொள்ள ஆளில்லை. காலையில் ஒரு தொகுதிக்கடன் (கம்பனி கடன் பத்திரம்) வெளியீட்டுக்கான ஆவணம், மத்தியானம் ஒரு குடும்பக் கம்பனியின் பெறுமதி மதிப்பீடு, பின்னேரம் சட்டத்தரணியின் கந்தோரில் ஒப்பந்த வாசகம். பெரிய இடங்களில் இருந்த நண்பர்கள் எக்செல் கோப்புகளோடு இருந்த காலத்தில் நான் முதலாளிமாரோடு ஒரே மேசையில் இருந்தேன். சின்ன இடம் தருகிற பெரிய வரம் அது. அதுவே போதும் என்று நம்பியிருந்தேன்.

முதல் நேர்முகம் 2021 கடைசியில். நாங்கள் விற்பனைக்குக் கொண்டுபோன பொதியிடல் கம்பனி ஒன்றைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். வாங்கக்கூடியவர்களுக்கு நாங்கள் அனுப்பிய விற்பனை ஆவணம் அவர்களுக்கும் வந்திருந்தது. சந்தை எப்படி வளர்கிறது, போட்டியாளர் யார், எல்லாம் தடையில்லாமல் சொன்னேன். எதிரே இருந்த அம்மையார் கேட்டார்: “உங்கள் சொந்தக் காசை இதில் போடுவீர்களா?”

போடுவேன் என்றேன்.

“கடன்பட்டோர் எத்தனை நாள்?”

கடனுக்குச் சரக்கு வாங்கியவர்கள் காசு கொடுக்க எத்தனை நாள் எடுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. எனக்குத் தெரியவில்லை. அவர் ஆவணத்தின் கடைசிப் பக்கங்களைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். மூன்று வருடத்தில் விற்பனை 40 வீதம் கூடியிருந்தது. கடன்பட்டோர் தொகை இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தது. 60 நாளில் வந்த காசு 95 நாளில் வந்துகொண்டிருந்தது. கூடிய விற்பனையில் பாதியளவு காசு, சரக்கு வாங்கியவர்களிடமே நின்றுவிட்டது. லாபம் தாளில் இருந்தது, வங்கிக் கணக்கில் இல்லை. அந்த இலக்கங்களை எல்லாம் தட்டச்சு செய்தது நான்தான். உயர்தர வர்த்தகப் பிரிவில் படிக்கும்போதே தொழிற்படு மூலதனம், அதாவது அன்றாட வியாபாரத்தில் முடங்கிக் கிடக்கிற காசு, எனக்குத் தெரியும். ஆனால் விற்கிறவனின் கண்ணால் பார்த்தபடியால் அது என் கண்ணில் படவேயில்லை.

சில மாதங்களில் நாடே நின்றுபோனது. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டி வீதத்தை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி கூட்டியது. 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுப்பதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. அரசு குறுங்காலக் கடனுக்கு விற்கிற திறைசேரி உண்டியலின் வட்டியே 30 வீதத்துக்கு மேல் போனது. ஐந்து வருடத்தில் மூன்று மடங்கானால்கூட ஒரு முதலீட்டின் வருட வருவாய் 25 வீதத்தைத் தொடாது. அரசாங்கத் தாளிலேயே 30 கிடைக்கும்போது தனியார் கம்பனியில் யார் காசு போடுவார்கள்? எங்கள் கையில் இருந்த எல்லா வேலையும் நின்றது.

அந்த வருடம் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கியது. நாலு வருடத்தில் நான் வேலை செய்த பதினொரு கம்பனிகளையும் எடுத்தேன். பக்கத்துக்கு ஒரு கம்பனி. இடது பக்கம் நாங்கள் ஆவணத்தில் சொன்னது, வலது பக்கம் பிறகு நடந்தது. சொன்ன லாபம் வந்ததா, காசாக வந்ததா, காசு எங்கே நின்றது. பெற்றோல் வரிசையில் காத்திருந்த இரவுகளிலும் காருக்குள் இருந்து எழுதியிருக்கிறேன். தம்பிமாருக்கு நான் சொல்லக்கூடியது இந்தக் கொப்பி ஒன்றுதான். சீமா, சீஎஃப்ஏ போன்ற கணக்கியல், முதலீட்டுத் தேர்வுகள் எல்லாம் நல்லது, படியுங்கள், ஆனால் இதை யாரும் படிப்பித்துத் தருவதில்லை.

இன்னொரு கணக்கையும் அதில்தான் போட்டுப் பார்த்தேன். இங்கே நிதிகளுக்குக் காசு தருகிறவர்கள் பலர் வெளிநாட்டில் இருக்கிறார்கள், டொலரில்தான் பார்ப்பார்கள். 2014இல் டொலர் ஏறக்குறைய 131 ரூபா. அப்போது பத்து இலட்சம் டொலரைக் கொண்டுவந்து 131 மில்லியன் ரூபாவாக ஒரு கம்பனியில் போட்டிருந்தால், அது இரண்டு மடங்காகி 262 மில்லியன் ஆகியிருந்தாலும், டொலர் 360 ஆன 2022இல் கையில் வருவது ஏறக்குறைய ஏழே கால் இலட்சம் டொலர்தான். கம்பனி நன்றாக நடந்தும் முதலீட்டாளருக்கு நட்டம். டொலரில் சம்பாதிக்கிற ஏற்றுமதிக் கம்பனிகளை நிதிகள் ஏன் தேடுகின்றன என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இரண்டாவது நேர்முகம் 2023இல், வேறு இடம். தேங்காய்ப்பூ ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பனியின் கணக்குகளைத் தந்து மூன்று மணி நேரம் விட்டார்கள். பெயரை அழித்திருந்தார்கள். வருங்கால லாபத்தையும் விலையையும் போடுகிற மாதிரிக் கணக்கை ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு மிச்ச நேரம் முழுவதும் கணக்குகளின் பின்னால் இருந்த குறிப்புகளை வாசித்தேன். ஐந்தொகையில், அதாவது சொத்தும் கடனும் காட்டுகிற தாளில், இயந்திரம் இருந்தது, வாகனம் இருந்தது, காணி இல்லை. செலவில் வாடகை என்று மிகச் சிறிய தொகை. “தொழிற்சாலைக் காணி முதலாளியின் பெயரில் இருக்கிறது போல. சந்தை வாடகை கொடுத்தால் லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். காணியைக் கம்பனிக்கு மாற்றாமல் இந்த விலைக்கு வாங்கமாட்டேன்” என்றேன். அவர்கள் எதுவும் சொல்லவில்லை. இரண்டு கிழமை கழித்துக் கடிதம் வந்தது.

தம்பிமார் சம்பளத்தைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். நிதிகளில் பொதுவாக முதலீட்டாளருக்குப் போட்ட காசும் வருடத்துக்கு 8 வீதமும் முதலில், அதற்குப் பிறகுதான் லாபத்தில் 20 வீதம் நடத்துகிறவர்களுக்கு. ஆனால் நிதியின் ஆயுள் பத்து வருடம், அந்தக் காசை நம்பி வீடு கட்ட முடியாது.

*

அண்ணா, வாசித்தேன். எனக்கு நடந்தது வேறு வழி. நானும் சின்ன இடம்தான், பம்பலப்பிட்டியில். 2014இல் அமெரிக்கப் பிரைவேட் ஈக்விட்டி நிறுவனமான டீபீஜீ, இங்குள்ள யூனியன் பாங்கின் 70 வீதப் பங்கை வாங்கியபோதுதான் இப்படி ஒரு துறை இருக்கிறதென்றே எனக்குத் தெரியும். மூன்று நிதிகளுக்கு எழுதினேன், ஒன்றும் வரவில்லை. கொழும்பில் மொத்தமே கொஞ்ச இடங்கள், பத்திரிகையில் விளம்பரம் வராது, கணக்காய்வாளரும் சட்டத்தரணியும் சொல்லித்தான் தெரியவரும். அதனால் ஒரு நிதி முதலீடு செய்திருந்த ஆடைக் கம்பனியில் நிதி முகாமையாளராகச் சேர்ந்தேன். மாதா மாதம் நிதிக்கு அறிக்கை அனுப்புவது என் வேலை. ஒரு மாதம் இருப்புக் கணக்கு இடித்தபோது களஞ்சியத்துக்குப் போய் துணிச்சுருளை ஒவ்வொன்றாக எண்ணினேன். பழைய பருவத்துத் துணி, விலைபோகாதது, முழு விலைக்கு ஏட்டில் இருந்தது. மறைக்காமல் எழுதி அனுப்பினேன். முதலாளி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அடுத்த வருடம் அந்த நிதியே என்னைக் கூப்பிட்டது.

*

அக்கா, அண்ணா, நன்றி. நான் இன்னும் ஒரு சின்ன இடத்தில் இரண்டாவது வருடம். நேற்றிரவே இப்போது செய்துகொண்டிருக்கிற கம்பனியின் கடன்பட்டோர் பட்டியலைத் திறந்தேன். முதல் மூன்று பெயர்களில் ஒன்று முதலாளியின் மைத்துனருடைய கம்பனி. 140 நாள். இதை எங்கள் சேரிடம் எப்படிச் சொல்வது?

*

தம்பி, கொப்பி எழுதிய அண்ணாதான். நாளைக் காலையிலேயே சொல்லுங்கள், பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு. குற்றம் சாட்டுகிற மாதிரி வேண்டாம். “வாங்க வருகிறவர்கள் இதைக் கட்டாயம் கேட்பார்கள் சேர், நாங்களே முதலில் முதலாளியிடம் கேட்டுவிடுவோம்” என்று சொல்லுங்கள். முதலாளியிடம் போகும்போது உங்களையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் சிங்களம் எப்படி? குளியாப்பிட்டியில் ஒரு முதலாளி வீட்டில் நான் மூன்று மணி நேரம் இருந்தேன், கணக்கைப் பற்றிய உண்மை எல்லாம் தேநீருக்குப் பிறகு சிங்களத்தில்தான் வந்தது.