பெருங்குடலின் உட்படை சில நாட்களிலேயே புதிதாகிவிடுமா?

மாணவி, உவர்மலை:
உயர்தர உயிரியல் படிக்கிறேன். பாடசாலை நுணுக்குக்காட்டியில் பெருங்குடல் வழுக்கியொன்றைப் பார்த்தபோது சிறுகுடலில் உள்ள, விரல்போல் நீண்ட சடைமுளைகள் தென்படவில்லை; வெளிறிய புள்ளிகள் நிறைந்த வட்டங்களே தெரிந்தன. அவை எவை? இந்தக் கலங்கள் எவ்வளவு காலம் வாழ்கின்றன?

ஆய்வுகூடத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவர், திருகோணமலை:
நன்றாகவே கவனித்திருக்கிறீர்கள், மகள். பெருங்குடலில் சடைமுளைகள் இல்லை. நீங்கள் கண்ட வட்டங்கள், குடலின் உட்படையான சீதமென்சவ்வுக்குள் நேராக இறங்கும் லீபர்கூன் குழிகளின் குறுக்குவெட்டுகள். நெடுக்காக வெட்டினால் அவையே தாங்கியில் அடுக்கிய பரிசோதனைக் குழாய்களைப் போலத் தெரியும். வெளிறிய புள்ளிகள் சீதம் என்னும் வழுவழுப்பான பொருளைச் சுரக்கும் கெண்டிக்கலங்கள். வழக்கமான சாயத்தைச் சீதம் சரியாக ஏற்பதில்லை. அவற்றுக்கிடையே நீரையும் உப்பையும் உறிஞ்சும் கம்பக்கலங்கள் ஒற்றைப் படையாக நிற்கின்றன.

குழியின் அடியிலுள்ள குருத்துக்கலங்கள் பிரிந்துகொண்டேயிருக்க, பிறந்த கலங்கள் முதிர்ந்தபடி மேலேறி, ஏறத்தாழ 4 அல்லது 5 நாட்களில் மேற்பரப்பை அடைந்து உதிர்கின்றன. எல்ஜிஆர்5 என்னும் மரபணுவை அடையாளமாகக் கொண்டு இக்குருத்துக்கலங்களை எலிகளில் இனங்கண்டது, 2007இல் நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸின் ஆய்வுக்குழு.

மாணவி:
மிக்க நன்றி ஐயா. உதிர்ந்தவிடத்தில் துளை விழாதா?

பட்டதாரி ஆசிரியர், நிலாவெளி:
விழாது. வெளியேறும் கலத்தின் அடியில் அயற்கலங்கள் நெருங்கி மூடிய பின்னரே அது கழல்கிறது. பெருங்குடலின் இந்த உட்படைக் கலங்களின் முதன்மை எரிபொருள், நாம் உண்ணும் நார்ப்பொருளைப் பற்றீரியாக்கள் நொதிக்கச் செய்யும்போது உண்டாகும் பியூட்டிரேற்று என்னும் சிறிய கொழுப்பமிலம். வினாத்தாளில் வராவிட்டாலும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.