அரசின் கோரிக்கைகள் பெருகும்போது நிறுவனத் தலைமை எவ்வளவு தூரம் இணங்கலாம்?

கேள்வி:
வெளிநாடொன்றில் இயங்கும் உற்பத்தி நிறுவனத்தின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். உள்நாட்டுக் கொள்முதலைக் கூட்ட வேண்டும், வாடிக்கையாளர் தரவுகளை அந்நாட்டிலேயே வைக்க வேண்டும், அரசின் ஒரு கொள்கையை வெளிப்படையாகப் பாராட்டி அறிக்கை விட வேண்டும் என அந்நாட்டு அரசு அடுத்தடுத்துக் கேட்கிறது. முதலிரண்டுக்கும் சட்ட ஆதாரம் உண்டு. மூன்றாவது தொலைபேசியில் வந்தது. எங்கள் தலைவர் பத்திரிகையாளர்களை அழைத்து மறுப்பைச் சொல்லிவிடலாம் என்கிறார். இது சரியா?

பதில் 1:
அரசின் ஒப்புதலை நம்பியிருக்கும் நிலையில் மேடையேறுவதைத் தவிர்க்கச் சொல்லுங்கள். சீன இணைய வணிக நிறுவனமான அலிபாபாவின் நிறுவனர் ஜாக் மா 2020 அக்டோபர் 24 அன்று ஷாங்காயில் பேசும்போது, சீன வங்கிகள் அடமானம் இருந்தால்தான் கடன் என்ற அடகுக்கடை மனப்பான்மையில் இயங்குவதாக விமர்சித்தார். பத்தே நாளில், நவம்பர் 3 அன்று, அலிபாபாவோடு இணைந்த நிதிச் சேவை நிறுவனமான ஆன்ட் குழுமத்தின் பங்கு வெளியீடு நிறுத்திவைக்கப்பட்டது. அடுத்த ஏப்ரலில் அலிபாபாவுக்குச் சந்தை ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாக ஏறத்தாழ 1,820 கோடி யுவான் அபராதம் விதிக்கப்பட்டது. அவர் சொன்னதில் நியாயம் இருந்ததா என்பது வேறு விவாதம். ஒழுங்குமுறை அமைப்புகளின் தயவு மிகவும் தேவைப்பட்ட வாரத்தில் அவற்றைப் பொதுவெளியில் சாடியதுதான் பிழை என்று நான் கருதுகிறேன். வரைவு விதிகள் கருத்துக் கேட்புக்கு வரும் கட்டத்தில், எண்களோடு எழுத்தில் கொடுக்கும் ஆட்சேபத்துக்கு இதைவிடப் பலன் அதிகம்.

பதில் 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன், ஆனால் பணிவதா வெளியேறுவதா என்ற இரண்டு வழிகள் மட்டுமே இருப்பதாக நினைத்துவிடக் கூடாது. இந்தியாவின் 1973ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம், வெளிநாட்டு நிறுவனங்கள் பலவற்றின் பங்கை 40 சதவீதத்துக்குக் குறைக்கச் சொன்னது. கோகோ கோலா 1977இல் வெளியேறியது. திரும்பி வர 1993 ஆயிற்று. யூனிலீவரின் இந்தியத் துணை நிறுவனமான இந்துஸ்தான் லீவரோ, உயர் தொழில்நுட்பத்துக்கும் ஏற்றுமதிக்கும் அதே சட்டம் வைத்திருந்த விலக்கைப் பிடித்துக்கொண்டு, தன் உற்பத்தியை அதற்கேற்ப மாற்றி, தாய் நிறுவனத்தின் 51 சதவீதத்தைக் காப்பாற்றியது. இதற்குப் பல ஆண்டுப் பேச்சுவார்த்தை தேவைப்பட்டது என்பதையும் உங்கள் தலைவரிடம் சொல்லுங்கள். உங்கள் கொள்முதல் விதியிலும் இத்தகைய விலக்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பதில் 3:
நீதிமன்றத்தைக் கடைசி அரணாக நம்புவோருக்கு ஒரு சொல். வோடபோன் 2012 ஜனவரியில் இந்திய உச்ச நீதிமன்றத்தில் வரி வழக்கை வென்றது. அதே ஆண்டில் நாடாளுமன்றம் அந்த வரி பொருந்தும்படி சட்டத்தை முன்தேதியிட்டுத் திருத்தியது. பன்னாட்டு நடுவர் மன்றம் 2020இல் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது, 2021இல் அந்த முன்தேதி வரியே கைவிடப்பட்டது. வழக்கு வென்றது உண்மைதான், ஆனால் இடையில் ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. அத்தனை காலம் தாங்க உங்களிடம் நிதி இருக்கிறதா?

கேள்வி கேட்டவர்:
அவ்வளவு நிதி இல்லை. பத்திரிகையாளர் சந்திப்பைத் தள்ளிவைத்துவிட்டோம். தரவு விதிக்கு இணங்குகிறோம். கொள்முதலுக்குப் படிப்படியான கால அட்டவணை கேட்கிறோம். பாராட்டு அறிக்கை பற்றிய கோரிக்கையை எழுத்தில் தருமாறு மூன்று வாரங்களுக்கு முன் கடிதம் அனுப்பினோம். இதுவரை பதில் வரவில்லை.

பதில் 1:
நினைவூட்டுக் கடிதம் அனுப்ப வேண்டாம். அந்த அழைப்பு வந்த நாளையும் நேரத்தையும், சொல்லப்பட்டதையும் குழுவின் கூட்டக் குறிப்பில் மட்டும் பதிந்து வையுங்கள்.