கார் ஷெட்டின் செங்கல் சுவரில் தட்டு பொருத்தியவர்களின் அனுபவங்கள்

எங்கள் கார் ஷெட்டின் பின்சுவரில் நான் முதன்முதலாகப் பொருத்திய தட்டு, ஏழு மாதங்கள் அசையாமல் நின்றுவிட்டு, எட்டாம் மாதத்தில் ஓர் இரவு முழுப் பாரத்தோடும் கீழே விழுந்தது. பெயின்ட் டப்பாக்களும் கருவிப் பெட்டியும் ஒரு ஜாக்கியும் அதில் இருந்தன. யாருக்கும் அடிபடவில்லை. ஆனாலும் பகலில் என் மகள் அதே இடத்தில்தான் சைக்கிளை நிறுத்துவாள் என்ற நினைப்பு என்னை இன்றுவரை விடவில்லை. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

விழுந்தவற்றை எடுத்துப் பார்த்தபோது, தட்டைத் தாங்கும் L வடிவ பிராக்கெட் வளைந்திருக்கவில்லை, ஸ்க்ரூ ஒன்றுகூட முறியவில்லை. நான்கு ராவல் பிளக்குகளும் (ஸ்க்ரூவைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் உறைகள்) தத்தம் ஸ்க்ரூவைக் கவ்வியபடியே சுவரிலிருந்து முழுதாக வெளியே வந்திருந்தன. துளைகளின் ஆழம் 40 மில்லிமீட்டர். அதில் 18 மில்லிமீட்டர் வெறும் சிமெண்ட் பூச்சு. போதாக்குறைக்கு, மேலே இருந்த இரண்டு துளைகளும் செங்கல்லில் விழாமல், இரண்டு செங்கற்களுக்கு இடையே இருக்கும் சாந்தில் விழுந்திருந்தன. செங்கல் சுவரில் மாட்டியதாக நான் நம்பியிருந்த தட்டு, உண்மையில் பூச்சையும் உதிரும் சாந்தையும் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறது.

இரண்டாம் முறை ஒவ்வொரு துளையையும் முதலில் 5 மில்லிமீட்டர் டிரில் பிட்டால் மெதுவாகப் போட்டு, வெளிவரும் தூளைக் கவனித்தேன். சாம்பல் நிறம் மாறிச் சிவப்புத் தூள் வரத் தொடங்கினால் அது செங்கல். சிவப்பே வராமல் மணல் போலக் கொட்டி, பிட்டும் தடையின்றி உள்ளே போனால் அது சாந்து. சாந்தில் விழுந்த இடங்களில் பிராக்கெட்டையே மூன்று, நான்கு சென்டிமீட்டர் மேலே நகர்த்தினேன். அவ்வளவில் செங்கல்லின் நடுப்பகுதி கிடைத்துவிட்டது. தட்டின் உயரத்தை நாம் முன்பே முடிவுசெய்து சுவர் அதற்கு இணங்கவேண்டும் என்று எதிர்பார்ப்பதைவிட, செங்கல் இருக்கும் இடத்தைக் கண்டறிந்து அதற்கேற்பத் தட்டின் உயரத்தை வைத்துக்கொள்வதே சரி என்பது என் உறுதியான கருத்து.

ராவல் பிளக் பூச்சைத் தாண்டி முழுவதும் செங்கல்லுக்குள் இருக்கவேண்டும். என் கணக்கு இது: பூச்சு 18, பிளக் 50, பிராக்கெட்டின் கனம் 3, ஆக 71 மில்லிமீட்டர். எனவே 75 மில்லிமீட்டர் ஸ்க்ரூவை எடுத்தேன். தூள் தங்குவதற்கும் இடம்விட்டு, துளையை 80 மில்லிமீட்டர் ஆழம் போட்டேன். அப்படியும் தூளை ஊதி வெளியேற்றாமல் பிளக்கைச் செலுத்தக் கூடாது. தூள் மீது அமரும் பிளக் சுவரை இறுகப் பற்றுவதில்லை.

இன்னொன்றையும் அப்போதுதான் புரிந்துகொண்டேன். தட்டின் பாரம் பிராக்கெட்டைக் கீழே இழுப்பதோடு நிற்பதில்லை. பிராக்கெட்டின் கீழ் நுனியை ஊன்றிக்கொண்டு மேல் ஸ்க்ரூவைச் சுவரிலிருந்து வெளியே நெம்புகிறது. ஒரு பிராக்கெட்டின் பங்குக்கு 30 கிலோ பாரம் சுவரிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி இருப்பதாகக் கொள்வோம். கீழ் நுனியிலிருந்து மேல் ஸ்க்ரூ 15 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் அது தாங்கவேண்டிய இழுப்பு 40 கிலோ. 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் 20 கிலோதான். நானோ பிராக்கெட்டின் நீண்ட கையைத் தட்டுக்குக் கொடுத்து, குட்டையான கையைச் சுவரில் வைத்திருந்தேன். இப்போது நீண்ட கை சுவரில் இருக்கிறது.

* * *

ஐயா, தங்கள் சுவர் கெட்டிச் செங்கல்லால் ஆனது என்று தெரிகிறது. எங்கள் சுவரில் இருந்தவையோ உள்ளே பொந்துகள் உள்ள செங்கற்கள். அது தெரியாமல் டிரில் மெஷினை, சுழல்வதோடு இடிக்கவும் செய்யும் ஹேமர் நிலையிலேயே ஓட்டினேன். பிட் சற்று தூரம் போனதும் திடீரென்று வெற்றிடத்தில் பாய்ந்தது. உள்ளிருந்த மெல்லிய தடுப்புகள் நொறுங்கி, 8 மில்லிமீட்டர் துளை பின்புறம் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு அகன்றுவிட்டது. அதில் பெரிய ஆங்கர் போல்ட்டைச் செருகி முறுக்கியபோது, அது விரிந்து செங்கல்லின் முகத்தையே பிளந்தது.

அதன்பின் ஹேமரை நிறுத்திவிட்டு, புதிய பிட்டால் வெறும் சுழற்சியிலேயே வேறு இடத்தில் துளையிட்டேன். நேரம் பிடித்தது, ஆனால் துளை சுத்தமாக வந்தது. கனமான பாரம் வரும் இடங்களில், சல்லடை போன்ற உறையைத் துளைக்குள் செலுத்தி, அதில் ரசாயனப் பசையை நிரப்பி, மரையுள்ள கம்பியை மெல்லத் திருகி உள்ளே வைத்தேன். பசை உறையின் கண்கள் வழியே பொந்துக்குள் பிதுங்கி அங்கேயே கெட்டியாகிவிடுவதால், செங்கல்லைப் பிளக்கும் விசை எதுவும் அதன்மேல் விழுவதில்லை. குளிரில் இறுகுவதற்குக் கூடுதல் நேரம் வேண்டும். பசைக் குழாயின் மேல் அச்சிட்டிருக்கும் நேரம் முடியும்வரை கம்பியைத் தொடவே கூடாது.

* * *

சுவரில் தொங்கும் தட்டுகளைப் பற்றி இருவரும் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். தரையில் நிற்கும் உயரமான இரும்பு ரேக்கைப் பற்றி நான் சொல்கிறேன். உள்ளே வரும் தண்ணீர் வெளியேறுவதற்காகக் கார் ஷெட்டின் தரையைப் பெரும்பாலும் வாசல் பக்கம் சரிவாகவே அமைப்பார்கள். அதனால் பின்சுவரை ஒட்டி நிறுத்திய ரேக் இயல்பாகவே முன்னோக்கிச் சாயும். அதை அப்படியே சுவரோடு இழுத்து போல்ட் போட்டால், அந்தச் சாய்வின் இழுப்பை போல்ட் எப்போதும் சுமந்துகொண்டே இருக்கும். முன்கால்களுக்கு அடியில் இரும்புத் தகடு வைத்து ரசமட்டத்தில் நேராக்கிய பிறகே, மேல் மூலைகளைச் சுவரோடு பிணைக்கவேண்டும். மரச்சில்லு வைக்காதீர்கள், ஈரத்தில் ஊறிவிடும். எனது முதல் அலமாரி மரத்தூள் பலகையால் ஆனது. அதன் அடிப்பலகை ஒரே மழைக்காலத்தில் உப்பிப் பிரிந்துபோனது.

சுவிட்சுப் பெட்டிக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளையிடுவதைத் தவிருங்கள். வயர் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் போகும். காரை நிறுத்திக் கதவை முழுவதும் திறந்து பார்த்த பின்பே பக்கச் சுவரில் அடையாளம் இடுங்கள்.

* * *

தங்கள் குறிப்பைப் படித்ததும் எங்கள் ரேக்கில் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். முன்கால்கள் 12 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தன. மேல் போல்ட்டில் ஒன்று ஏற்கனவே பூச்சிலிருந்து சற்று வெளியே வந்திருந்தது. பாரத்தை இறக்கிவிட்டேன். முன்கால்களுக்கு அடியில் தகடு வைத்து நேராக்கி, நாளை அந்த போல்ட்டைச் செங்கல் உள்ள இடம் பார்த்து மாற்றிப் போடவிருக்கிறேன்.