300 பீமோடு 200 பீமை வெல்ட் செய்வதில் ஒரு சந்தேகம்

வணக்கம் நண்பர்களே. மாடித் தளத்துக்கு மெயின் பீம் ஐஎஸ்எம்பி 300 (300 மி.மீ. உயரமுள்ள ஐ வடிவ இரும்பு பீம்), பக்கவாட்டில் வந்து சேரும் குறுக்கு பீம் ஐஎஸ்எம்பி 200, மேலே டெக் ஷீட் (தளத்தைத் தாங்கும் நெளிவுத் தகடு) வருவதால் இரண்டின் மேல்மட்டமும் ஒன்றாக நிற்க வேண்டும். சின்ன பீமின் முனையில் மேல் ஃபிளேஞ்சை (கிடைமட்டத் தகட்டை) வெட்டிவிட்டு, பெரிய பீமின் வெப்போடு (நடுவில் செங்குத்தாக நிற்கும் தகட்டோடு) வைத்து வெல்ட் அடிக்கலாம் என்கிறார் வெல்டர். சரி, ஆனால் வெட்டின மூலை கூராக இருந்தால் அங்கேதான் விரிசல் தொடங்கும், அதனால் வளைவாகத் தேய்க்கச் சொல்லியிருக்கிறேன்.

200-இன் வெப் 5.7 மி.மீ.தான். அதற்கு இருபுறமும் 5 மி.மீ. ஃபில்லட் வெல்ட் (மூலையில் முக்கோணமாக அடிப்பது) போதுமா? கீழ் ஃபிளேஞ்சையும் வெல்ட் செய்தால் மெயின் பீம் முறுக்கு வாங்குமோ என்று பயமாக இருக்கிறது, ஒரு பக்கம் மட்டும்தான் குறுக்கு பீம் வருகிறது. ஆங்கிள் கிளீட் (எல் வடிவ இணைப்புத் துண்டு) வைத்து போல்ட் போடுவது மேலா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், அடுத்த வாரம் வேலை தொடங்குகிறது.